கிரில்லுக்கும் பூவுக்கும் நடுவுல நாலு விரல்

நம்ம ஸ்டாண்டு வாட்ஸ்அப் குரூப்ல புதுசா சேந்த தம்பிங்க நாலஞ்சு பேரு கேட்டீங்க. மொதமொதல்ல பழைய வண்டி வாங்கினப்ப எப்படி வச்சுக் காப்பாத்தினீங்க அக்கா, எழுதிப் போடுங்கன்னு. நான் எட்டாவதோட நின்னவ. பேசற மாதிரி தான் எழுத வரும், பொறுத்துக்கங்க. எந்த ஆயில் ஊத்தணும், எப்ப மாத்தணும்ங்கறத மெக்கானிக் உங்களுக்கு சொல்லுவாரு. நான் பண்ணின தப்ப மட்டும் சொல்றேன். அந்த தப்பு இத்தன நாளா வேற ஒருத்தர் பேருல ஓடிட்டு இருக்கு.

நம்ம கார் ஸ்டாண்டுல ஒரு பேச்சு இருக்கு. கல்யாண ஊர்வலத்துல எவன் வண்டியாவது கொதிச்சு நின்னா, "தனபால் பண்ணிட்டான்"ம்பாங்க. ரேடியேட்டர்ல தண்ணி கூட பாக்காம கல்யாணத்துக்கு வண்டிய கொண்டாந்தவன்னு அர்த்தம். நீங்களும் சொல்றீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்க, நீங்க கத்துக்கிட்டீங்க. தனபால் யாருன்னு உங்கள்ல பாதி பேருக்கு தெரியாது.

அவரு என் வீட்டுக்காரரு. இறந்து ஒரு வருஷம் நாலு மாசம் ஆகுது. அவரு தண்ணி பாக்க மறந்ததே இல்ல.

மொதல்லேர்ந்து சொல்லிடறேன்.

எங்க அம்மா வீடு திருவானைக்கோவில். பூ கட்டற வீடு. கல்யாணத்துக்கு மாலை, மண்டபத்துக்கு தோரணம், வண்டிக்கு அலங்காரம், எல்லாம் நாங்க பண்ணுவோம். அவரு அப்ப ஆக்டிங் டிரைவர். யாரு வண்டி குடுத்தாலும் ஓட்டிட்டு வருவாரு. சொந்தமா ஒரு சைக்கிள் கூட கிடையாது.

வண்டிய பாத்தது நான் தான். திருவெள்ளறை பக்கம் சம்பங்கி எடுக்கப் போறப்ப, தோட்டத்துக்காரரோட ஷெட்ல ஒரு பழைய ஹெரால்டு கார் நின்னுச்சு. கூரைய பின்னாடி மடக்கிக்கலாம். பின் சீட்ல கோழி முட்டை போட்டு அடைகாத்துட்டு இருந்துச்சு. நான் வீட்டுக்கு வந்து அவருகிட்ட சொன்னேன், ஸ்ரீரங்கத்துல ஜானவாசத்துக்கு திறந்த வண்டி கேட்டு கேட்டு மதுரைலேர்ந்து வரவழைக்கறாங்க, இது மட்டும் நமக்கு கெடைச்சா வண்டியும் நம்மளுது, பூவும் நம்மளுதுன்னு. அவரு போய் பாத்தாரு. கோழிய எறக்கி விட்டுட்டு உள்ள ஒக்காந்து ஸ்டியரிங்க புடிச்சாரு. ரொம்ப நேரம் எறங்கவே இல்ல. அந்த கோழி வெளில நின்னு அவர பாத்துக்கிட்டே இருந்துச்சு.

வாங்கிட்டோம். அத ஓட வைக்க ஆறு மாசம் ஆச்சு. ஓடின மொத நாளே சமயபுரத்துக்கு ஓட்டிட்டு போனோம், எல்லாரும் போற மாதிரி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி, சந்தனம் பூசி எல்லாம் ஆச்சு. அப்புறம் சாவிய திருப்பினா வண்டி எடுக்கல. பழத்து மேல அப்படியே நிக்குது. சுத்தி கூட்டம். எனக்கு அழுகையே வந்துருச்சு, ஆத்தாவுக்கு என்ன கொறை வச்சோம்னு. இன்னொரு தடவ அடிச்சுப் பாருங்க, அடிச்சுப் பாருங்கன்னு அவர புடிச்சு உலுக்கறேன்.

அவரு எறங்கினாரு. பானெட்ட தொறக்கல. கைய கட்டிக்கிட்டு வண்டி முன்னாடி சும்மா நின்னாரு. ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் வந்து ஒக்காந்து சாவிய திருப்பினாரு, எடுத்துருச்சு. பெட்ரோல் ரொம்ப குடிச்சு மூச்சு முட்டிருக்கு, அது தெளியறதுக்கு நேரம் குடுத்தாராம். அன்னிக்கு அவரு சொன்னது எனக்கு இன்னும் காதுலயே இருக்கு: "பழைய வண்டி நின்னா மொத ரெண்டு நிமிஷம் அதத் தொடாத சத்யா. அந்த ரெண்டு நிமிஷத்துல நம்ம பதட்டம் தான் அதுக்கு எதிரி."

இத நீங்க மனசுல வச்சுக்கங்க. பின்னாடி வரும்.

அடுத்த ஒரு வருஷம் நல்லா போச்சு. அவரு காலைல எந்திரிச்சதும் பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி வண்டிகிட்ட போவாரு. தண்ணி பாப்பாரு, ஆயில் பாப்பாரு, அடில சொட்டிருக்கான்னு குனிஞ்சு பாப்பாரு. அதுக்கப்புறம் தான் டீ. ஒரு நாள் கூட தப்பினது இல்ல. எங்களுக்கு கொழந்தை இல்ல. எங்க அம்மா, "மாப்ள, தொட்டில் மட்டும் தான் பாக்கி, அதையும் கட்டிருங்க"ன்னு கிண்டல் பண்ணும்.

இப்ப அந்த ஜானவாசம். புதுசா வந்தவங்களுக்கு சொல்றேன், கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்கு கோட்டு சூட்டு போட்டு, திறந்த வண்டில ஒக்கார வச்சு, மேளத்தோட கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் கூட்டிட்டு போவாங்க. நடக்கற வேகத்துல தான் போகணும். பழைய வண்டிக்கு அத விட கஷ்டமான வேலை கெடையாது. ஓடற வண்டிக்கு காத்து முன்னாடி வந்து அடிக்கும். ஊர்ற வண்டிக்கு காத்து இல்ல. உள்ள இருக்கற ஃபேன் இழுக்கற காத்து தான்.

அதனால அவரு என்கிட்ட எப்பவும் சொல்லுவாரு, ஓரத்துல எவ்வளவு வேணா கட்டு, முன்னாடி கிரில்லு மேல மட்டும் பூ வைக்காத, அது மூச்சு விடற எடம்னு. நானும் வைக்க மாட்டேன். ரெண்டு பக்கமும் செவ்வந்தி, நடுவுல ஒண்ணும் இருக்காது.

அன்னிக்கும் அப்படி தான் கட்டி முடிச்சேன். அவரு மூஞ்சி கழுவிட்டு காபி குடிக்கப் போனாரு. அப்ப பொண்ணோட பெரியப்பா வந்தாரு. அந்த கல்யாணத்துல எல்லாம் அவரு தான். அடுத்த தைல அவரு சொந்த பொண்ணுக்கும் கல்யாணம், அந்தப் பூவும் நீயே பாத்துக்கோன்னு காலைல தான் சொல்லிருந்தாரு. வண்டிய சுத்தி வந்தாரு. முன்னாடி வந்து நின்னு, "என்னம்மா இது, மூஞ்சி மட்டும் மொட்டையா இருக்கே. நன்னா நெருக்கமா வச்சுக் கட்டப்படாதோ? ஃபோட்டோல இதுதானே விழும்"னாரு.

இல்லீங்க, அது காத்து போற எடம்னு சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொன்னா அவரு கேட்டுக்குவாரு, நல்ல மனுஷன் தான். நான் சொல்லல. பூ வேலைல கொறைன்னு ஒருத்தர் சொன்னா எனக்குப் பொறுக்காது. மணவறைக்குன்னு பாய் மாதிரி கட்டி வச்சிருந்த சம்பங்கி கூடைல இருந்துச்சு. எடுத்து ரெண்டா மடிச்சு கிரில்லு மேல இழுத்துக் கட்டினேன். வாடக்கூடாதுன்னு மேல தண்ணி வேற தெளிச்சேன். ஈரத்துல அது இன்னும் நெருக்கமா ஒட்டிக்கிச்சு. ஒரு விரல் நுழையாது. பெரியப்பா, பேஷ் பேஷ்னுட்டு போனாரு. எனக்கும் பெருமையா தான் இருந்துச்சு.

அவரு காபி குடிச்சுட்டு திரும்பி வரப்ப மாப்பிள்ளை வந்தாச்சு, மேளம் ஆரம்பிச்சாச்சு. எப்பவும் ஏறறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு சுத்து சுத்தி வருவாரு. நான் குறுக்க போய் நின்னு, நேரமாச்சு ஏறுங்க ஏறுங்கன்னு பின்பக்கமாவே அனுப்பி ஏத்தி விட்டேன். தெரியாம நடந்துருச்சுன்னு சொல்லிக்க எனக்கு வழி இல்லாம போனது இதுனால தான். எனக்கு தெரியும். தெரிஞ்சு தான் மறைச்சேன். அரை மணி நேரம் தானே, தாங்கிக்கும்னு நெனைச்சேன்.

நான் முன் சீட்ல அவரு பக்கத்துல, மடில உதிரிப்பூ கூடையோட. பின்னாடி மாப்பிள்ளை, அவரு கூட ரெண்டு பொடிசுங்க. சித்திரை வீதில திரும்பறப்பவே சூடு காட்டற முள்ளு ஏற ஆரம்பிச்சுது. அந்த முள்ளு அந்த வண்டியோடது இல்ல, வேற வண்டிலேர்ந்து எடுத்து அவரு மாட்டினது. அவரு கண்ணாடிய விரலால தட்டிப் பாத்தாரு. எறங்கல. என் பக்கம் திரும்பாமலே மெதுவா கேட்டாரு, "முள்ளு பொய் சொல்லுதா?"

தம்பிங்களா, நான் சொல்ல வேண்டிய எடம் அது. நிறுத்துங்க, முன்னாடி பூவ அடைச்சு வச்சிருக்கேன்னு சொல்லிருந்தா, எறங்கி கத்தரிக்கோலால ஒரு வெட்டு, முடிஞ்சுது. மேளக்காரங்க ஒரு பாட்டு கூட வாசிச்சு முடிச்சிருக்க மாட்டாங்க.

நான் சொன்னேன், "பழைய முள்ளு தானங்க. பொய்யா தான் இருக்கும்."

அவரு நம்பினாரு. நான் சொன்னா நம்புவாரு.

இன்னும் நூறடி போயிருப்போம். புஸ்ஸுன்னு ஒரு சத்தம், முன்னாடி வெள்ளையா ஆவி. சம்பங்கியோட வெந்த வாசம் வந்துச்சு. அந்த வாசம் எனக்கு மட்டும் தான் புரிஞ்சுது. வண்டி நின்னுருச்சு. மேளம் நின்னுச்சு. வீடியோக்காரர் மட்டும் நிறுத்தல.

அவரு எறங்கி ஹெரால்டோட பானெட்ட தொறந்தாரு. அந்த வண்டிக்கு மூஞ்சி மொத்தமும் முன்பக்கமா சாயும், முதலை வாய தொறக்கற மாதிரி. கிரில்லு, பூ எல்லாம் ரோட்ட பாத்து கவுந்துக்கும். அதனால அவரு கண்ணுக்கு எதுவும் படல. ரேடியேட்டர் மூடி ஓரமா தண்ணி கொப்பளிச்சு வழியுது. சமயபுரத்துல நின்ன மாதிரியே கைய கட்டிக்கிட்டு நின்னாரு. ரெண்டு நிமிஷம் கணக்கு. சுத்தி அம்பது பேரு. ஆளாளுக்கு யோசனை. பெரியப்பா ஓடி வந்து, என்னாச்சு, யார் பொறுப்பு, நல்ல நேரம் போறதேன்னு என்னையும் அவரையும் மாத்தி மாத்தி பாக்கறாரு.

பெரியப்பா என்ன பாத்தப்ப நான் பயந்துட்டேன். அந்தப் பார்வை அப்படியே கீழ எறங்கி கிரில்லுக்கு போயிரும்னு நெனைச்சேன். நெனைச்ச மாத்திரத்துல வாயிலேர்ந்து வந்துச்சு, எல்லார் காதுலயும் விழற மாதிரி:

"ஏங்க, காலைல தண்ணி பாத்தீங்களா இல்லையா?"

அது ஒரு கேள்வி தான். பொய்ன்னு யாரும் என்ன புடிக்க முடியாது. அவரு என்ன பாத்தாரு. மொகத்துல கோவம் இல்ல, குழப்பம் தான். நெஜமாவே யோசிக்கறாரு, பாத்தமா பாக்கலையான்னு. தெனமும் பாக்கற மனுஷன் அவரு. நான் கேட்டதால அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. "பாத்தேன்னு தான் நெனைக்கறேன்"னாரு. அவ்வளவு தான், கூட்டத்துக்கு பதில் கெடைச்சுருச்சு. தண்ணி பாக்கலையாம், தண்ணி பாக்கலையாம்னு வீதி கடைசி வரைக்கும் போச்சு.

அதுக்கப்புறம் அவரால ரெண்டு நிமிஷம் நிக்க முடியல. துண்ட சுத்தி மூடிய திருகிட்டாரு. கொதிக்கற தண்ணி பீச்சி அடிச்சு வலது கை முழங்கைலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துருச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு, மாப்பிள்ளை சட்டைல பட்டுருச்சான்னு தான் மொதல்ல கேட்டாரு.

மாப்பிள்ளை தங்கமான பையன். எறங்கி, பரவால்ல நடந்தே போலாம், டயட்டுக்கு நல்லதுன்னு சிரிச்சுட்டு மேளத்துக்குப் பின்னாடி நடந்தாரு. பெரியப்பா போறப்ப என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு போனாரு: "ஒரு மங்கள காரியத்துக்கு தண்ணி கூட பாக்காம வண்டிய எடுத்துண்டு வருவாளா?" இவரு வெந்த கையோட கும்பிட்டு, "மன்னிச்சுக்கங்க சாமி"ன்னாரு.

நான் பக்கத்துல தான் நின்னேன், பூக்கூடையோட.

வண்டிய தள்ளிட்டு வந்து மண்டபத்து பின்பக்கம் விட்டாங்க. எனக்கு உள்ள மறுநாள் மணவறை வேலை இருந்துச்சு, அவர ஆஸ்பத்திரிக்கு போங்கன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா அவரு போகல. வண்டி சுத்தமா இருந்துச்சு. பூ எல்லாத்தையும் ஒத்தக் கையாலயே பிரிச்சு சாக்குல கட்டி வச்சிருந்தாரு. "நான் பிரிச்சுட்டேன், நீ கை வைக்காத"ன்னாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. குவியலோட குவியலா போயிருக்கும், கவனிச்சிருக்க மாட்டாருன்னு நெனைச்சேன். எவ்வளவு மட்டமான நிம்மதி பாருங்க.

அன்னிக்கு விருந்தாளிங்கள ஏத்திட்டு வந்த நம்ம ஸ்டாண்டு டிரைவருங்க ரெண்டு பேரு எல்லாத்தையும் பாத்துருக்காங்க. மறு வாரமே அந்தப் பேச்சு கெளம்பிருச்சு. இவரு ஸ்டாண்டுக்கு போனா, தனபாலு, நீ தண்ணி குடிச்சியா, இல்ல அதையும் மறந்துட்டியாம்பாங்க. இவரு சிரிச்சுக்கிட்டே பாட்டில தொறந்து நாலு மடக்கு குடிச்சுக் காட்டுவாரு. ஒரு தடவ நான் கூட இருந்தேன். ஃபோன்ல எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

வண்டிய சரி பண்ண ரெண்டு மாசம் ஆச்சு. திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப அவரு ஒரு கம்பி ஃப்ரேம் வளைச்சுக் கொண்டாந்தாரு. பம்பர்ல கொக்கி மாதிரி மாட்டலாம், வேலை முடிஞ்சதும் கழட்டி டிக்கில போட்டுக்கலாம். என்னங்க இதுன்னு கேட்டதுக்கு, பூ கட்ட ஒனக்கு வசதியா இருக்கும்னாரு. இனிமே முன்னாடியும் எவ்வளவு வேணா கட்டிக்கன்னாரு. எனக்கு சந்தோஷம். அதுக்கப்புறம் எந்தப் பெரியப்பா வந்தாலும் முன்பக்கம் மொட்டைன்னு சொல்ல முடியல. வண்டியும் கொதிக்கல. ஏன் கொதிக்கலன்னு நான் யோசிக்கல. யோசிக்க வேணாம்னு இருந்துட்டேன்னு தான் சொல்லணும்.

ஜானவாசம் நடந்து பதினாலாவது மாசம் அவருக்கு மஞ்சக்காமாலை. பதினோரு நாள் தான். பெரியாஸ்பத்திரில படுத்துக்கிட்டு, பேட்டரி ஒயர கழட்டி வை, இல்லாட்டி எறங்கிரும்னு என்கிட்ட சொல்லிட்டு இருந்தாரு. அந்த கைல தழும்பு பளபளன்னு இருக்கும், அத பாத்துக்கிட்டே ஒரு நாள் ஆரம்பிச்சேன். "அன்னிக்கு அந்த ஜானவாசத்துல"ன்னேன். "அத விடு சத்யா"ன்னாரு. அசதில சொல்றாருன்னு நெனைச்சேன். நாளைக்கு சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் அவருக்கு நெனவு தப்பிருச்சு.

அவரு போனதுக்கப்புறம் மூணு மாசம் வண்டிய தொடல. எங்க அம்மா தான் சொல்லுச்சு, இத வித்துட்டா நீ அவரையும் சேத்து வித்த மாதிரி ஆயிரும், எதையாவது பண்ணுன்னு. புருஷன எழந்தவ கல்யாணப் பூவ தொடக்கூடாதுன்னு நெனைக்கற வீடுங்க இன்னும் இருக்கு, அதனால பூ வேலைய அம்மாவும் சித்தியும் பாத்துக்கறாங்க. வண்டிய நானே ஓட்டறதுன்னு முடிவு பண்ணினேன், ஓட்ட அவரு முன்னாடியே கத்துக் குடுத்திருந்தாரு. வண்டி ஓட்டறவள யாரும் கேக்கறதில்ல. காக்கிச் சட்டைய போட்டுக்கிட்டா நான் டிரைவர். அதுக்கு மேல எனக்கு ஒரு கதை இருக்கும்னு யாருக்கும் தோணல.

வண்டிய எடுக்கப் போன மொத நாள் பேட்டரி ஒயர நானே மாட்டினேன். அவரு மாட்டறத நூறு தடவ பாத்திருக்கேன், ஆனா பாக்கறது வேற. தலைகீழா மாட்டிட்டேன். படார்னு பொறி, கருகின வாசம். எடமலைப்பட்டி புதூர்ல பழைய வண்டிக்குன்னே ஒரு மெக்கானிக் இருக்காரு. என் வயசு தான் இருக்கும். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கட்டி இழுத்துட்டுப் போனேன். என்ன பண்ணீங்கன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் பண்ணல, தானா நின்னுருச்சுன்னேன்.

அவரு ஒயர ஒவ்வொண்ணா தடவிட்டு வந்து என் முன்னாடி நின்னாரு. "அக்கா, வண்டி உங்கள காட்டிக் குடுத்துருச்சு. தலைகீழா மாட்டிருக்கீங்க. மொதல்லயே சொல்லிருந்தா எனக்கு அரை நாள் மிச்சம். எங்கிட்ட ஏன் பொய் சொல்றீங்க, நான் என்ன உங்க மாமியாரா?"

எனக்கு சிரிப்பு வரல. பொய் எவ்வளவு சுளுவா வருதுன்னு எனக்கே பயமா இருந்துச்சு. வண்டி கெட்டுப்போனா என் வாய் மொதல்ல தப்பிக்க தான் வழி தேடுது. தம்பிங்களா, பழைய வண்டி வச்சிருக்கறவன் மெக்கானிக்கிட்ட நான் என்ன பண்ணினேன்னு மொதல்ல சொல்லணும். வண்டி என்ன பண்ணுச்சுங்கறது அப்புறம். வெக்கமா தான் இருக்கும். அந்த வெக்கத்த முழுங்கினா வேலை பாதியா கொறையும்.

ஜாக்கி தேடறேன்னு டிக்கிய தொறந்தவரு, துணில சுத்தி வச்சிருந்த அந்தக் கம்பி ஃப்ரேம வெளில எடுத்தாரு. இது எந்த வண்டியோடதுன்னாரு. பூ கட்டறதுக்கு, என் வீட்டுக்காரரு பண்ணினதுன்னேன். கொண்டு போய் பம்பர்ல மாட்டிப் பாத்தாரு. கிரில்லுக்கும் கம்பிக்கும் நடுவுல கைய விட்டாரு. நாலு விரல் சரியா நுழைஞ்சுது. மேலயும் கீழயும் ஓரத்துலயும் எல்லா எடத்துலயும் அதே நாலு விரல்.

"நல்ல வேலைக்காரரு, அக்கா"ன்னாரு. "முன்னாடி எவ்வளவு பூ கட்டினாலும் சைடுலேர்ந்து காத்து உள்ள போயிரும். இது சும்மா தோணாது. பூவ அடைச்சு ஒரு தடவ கொதிச்சுருக்கும், அத பாத்துட்டு தான் பண்ணிருக்காரு."

நான் அங்கயே கீழ ஒக்காந்துட்டேன். அவரு தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. தண்ணிய பாத்ததும் இன்னும் அழுகை வந்துச்சு. அவரு பாவம், அரை நாள் கூலிய வேணா விட்டுடறேன்க்கான்னாரு.

ஜானவாசத்து அன்னிக்கு சாயங்காலமே என் வீட்டுக்காரருக்கு தெரிஞ்சுருக்கு. வெந்த கையோட அந்த சம்பங்கிப் பாய பிரிச்சது அவரு தான். ரெண்டா மடிச்சுக் கட்டினது என் முடிச்சுன்னு அவருக்கு தெரியாதா? யாரும் பாக்கக்கூடாதுன்னு சாக்குல போட்டு வாய கட்டிருக்காரு. அப்புறம் என்ன ஒரு வார்த்த கேக்கல. நான் திரும்ப அதே தப்ப பண்ணினாலும் வண்டி தாங்கற மாதிரி கம்பிய வளைச்சுக் குடுத்தாரு. பதினாலு மாசம் ஸ்டாண்டுல பாட்டில தொறந்து குடிச்சுக் காட்டினாரு. தான் மறக்கலன்னு தெரிஞ்சே குடிச்சாரு. அத விடு சத்யான்னு அவரு சொன்னது அசதில இல்ல.

அவரு மன்னிச்சுட்டாருன்னு நீங்க சொல்லுவீங்க. இருக்கலாம். மன்னிப்பு கேக்காதவளுக்கு குடுத்த மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

இது தெரிஞ்சும் ஒரு வருஷத்துக்கு மேல வாயத் தொறக்காம தான் ஸ்டாண்டுல நின்னேன். போன ஞாயித்துக்கிழமை வடக்கு வாசல் பக்கம் ஒரு ஊர்வலத்துல ஒரு தம்பியோட வண்டி கொதிச்சுது. வாங்கி ரெண்டு மாசம் தான் ஆகுது. பின்னாடிலேர்ந்து ஒருத்தர், "என்ன, தனபால் பண்ணிட்டியா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தத் தம்பி வேர்த்து விறுவிறுத்து என் பக்கம் வந்து நின்னாரு. நான் யாருன்னு தெரியாம என்கிட்டயே சொல்றாரு, "அக்கா, தனபால்னு ஒரு ஆளு இருந்தானாம், தண்ணியே ஊத்தாம ஜானவாசத்துக்கு வந்தானாம், உங்களுக்கு தெரியுமா?"

நான் சிரிச்சேன். ஆமா தம்பி, கேள்விப்பட்டிருக்கேன்னேன்.

ரெண்டாவது தடவ காட்டிக் குடுத்தேன், இந்த தடவ செத்துப் போனவர. அந்தத் தம்பி இத படிச்சா தன்னப் பத்தி தான்னு தெரிஞ்சுக்குவாரு. உங்க மேல எனக்கு கோவம் இல்ல தம்பி. உங்க வண்டியையும் நான் பாத்தேன். கிரில்லு மேல ரோஜாவ நெருக்கி கட்டி விட்டிருந்தாங்க. தண்ணி சரியா தான் இருந்திருக்கும். அத அன்னிக்கே நான் சொல்லிருக்கணும், சொல்லல.

வண்டி பத்தி கேட்டீங்க, சொல்லிட்டேன். பூவுக்கும் கிரில்லுக்கும் நடுவுல நாலு விரல் விடுங்க. எந்த வீட்டுப் பெரியவரு என்ன சொன்னாலும் விடுங்க. முள்ளு ஏறினா நிறுத்துங்க. நின்னா ரெண்டு நிமிஷம் கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல பக்கத்துல இருக்கறவங்க மேல கைய காட்டாதீங்க. கம்பி ஃப்ரேம் வேணுங்கறவங்க என் வண்டிலேர்ந்து அளவு எடுத்துக்கங்க. அத பண்ணினவரு பேரு தனபால். நான் அவர பேரு சொல்லி கூப்பிட்டதே இல்ல, இங்க தான் எழுதறேன்.

கொதிச்சு நின்ன வண்டிக்கு சொல்ல உங்களுக்கு ஒரு பேரு வேணும், எனக்கு புரியுது. ஸ்டாண்டுன்னா கிண்டல் இருக்கும். நாளைக்கு காலைல நான் வருவேன். அண்ணி, அக்கான்னு யாரும் எழுந்திரிச்சு நிக்க வேணாம், பாவம் பாக்க வேணாம். எவன் வண்டியாவது கொதிச்சா, எனக்கு கேக்கற மாதிரி சத்தமா, "என்னடா, சத்யா பண்ணிட்டியா"ன்னு கேளுங்க.

நான் திரும்பிப் பாப்பேன்.